கேட்காத அழுகைக்குத் தண்ணீர்

சாந்தா ரீத்தா என்கிற வியாபாரப் படகு வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். அதன் டீசல் எஞ்சின் இரண்டு வளைவுக்கு அப்பாலிருந்தே டக்டக்கென்று இருமும். பிறகு மாட்டுக்கொம்பு ஊதும் சத்தம் வரும். ஊதுகிறவள் அல்சீரா. ஜுருவா ஆற்றின் மேல்பகுதியில் அந்தக் கொம்பு கேட்டால், மரவள்ளி மாவு வறுத்துக்கொண்டிருக்கிற பெண் கிளறுகிற துடுப்பை அப்படியே போட்டுவிட்டுத் துறைக்கு ஓடிவருவாள். மாவு கருகிப் போனால் புருஷன் கத்துவான். கத்தட்டும், உப்பும் மண்ணெண்ணெயும் இந்தக் காட்டுக்குள் வேறு யார் கொண்டுவருகிறார்கள்?

ஒவ்வொரு துறைக்கும் ஊதுகிற அல்சீரா ஒரே ஓர் இடத்தில் மட்டும் கொம்பை எடுக்க மாட்டாள். அங்கே ஊரும் இல்லை, துறையும் இல்லை. ஆறு இடப்பக்கம் திரும்புகிற இடம், மேட்டில் ஒரு பெரிய இலவமரம், அவ்வளவுதான். அதன் அடியில் அவளுடைய இரண்டாவது பிள்ளை கிடந்தது.

அல்சீராவுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. படகில் ஏறிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. முன்பக்கம் கடை: துணி, தூண்டில் முள், தோட்டா, சீனி, ஊசிநூல். பின்பக்கம் வீடு: ஓர் அடுப்பு, படுக்க மூன்று தூளி. தகரக் கூரையின்மேல் கோழிக்கூண்டு, அதற்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்த பழைய தோணியில் மண் போட்டு வெங்காயத்தாள் வளர்த்திருந்தாள். அந்த வெங்காயத்தாளுக்குக் கரையில் இருக்கிறவர்கள் பொறாமைப்படுவார்கள். கரை வருஷத்துக்கு ஒருதரம் வெள்ளத்தில் முழுகும், படகு முழுகாது.

அவளுடைய அப்பா டெல்மீரோ, பிராருக்கு என்கிற பெரிய ஆற்று மீனை ஈட்டியால் குத்திப் பிடிக்கிறவர். ஆள் உயர மீனைத் தனியாகத் தோணியில் ஏற்றுவார், அதைவிடப் பெரிதாகக் கோபப்படுவார். ஒஸ்மாரினோ பெண் கேட்டு வந்தபோது, "படகுல அலையுறவனுக்கு எம் பொண்ணா?" என்று துடுப்பை எடுத்துக்கொண்டு துறைவரை துரத்தினார். ஒஸ்மாரினோ முழு உடுப்போடு தண்ணீரில் குதித்தான். அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்தான் அல்சீரா அவனைக் கட்டிக்கொள்வது என்று தீர்மானித்தாள். கடைசிவரை மாமனாருக்கும் மருமகனுக்கும் ஆகவே இல்லை. ஒருநாள் தோணி கவிழ்ந்து டெல்மீரோவை ஆறு கொண்டுபோயிற்று. ஒஸ்மாரினோ மட்டும் அழவில்லை.

இனி ஞானஸ்நான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவள் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது.

எங்கள் ஆற்றுக்குப் பாதிரியார் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், அதுவும் தண்ணீர் இருந்தால். பிள்ளைகள் அவரைக் கேட்டுக்கொண்டா பிறக்கின்றன, அவரைக் கேட்டுக்கொண்டா சாகின்றன? அதனால் உயிருக்கு ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம். அப்படி ஊற்றுகிறவர் அந்தப் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் அல்லது ஞானத்தாய் ஆகிவிடுவார். பிள்ளையைப் பெற்றவருக்கோ கொம்பாத்ரே ஆவார், பெண்ணாக இருந்தால் கொமாத்ரே. அது ரத்த உறவுக்கும் மேலே. நேற்றுவரை கட்டிப் புரண்டு சண்டை போட்ட இரண்டு பேர் கொம்பாத்ரே ஆகிவிட்டால் நாளைமுதல் "நீங்க, வாங்க" என்றுதான் பேச வேண்டும். அவர்களுக்குள் படுக்கை கூடாது. கூடினால் செத்த பிறகு இரண்டு பேரும் தீப்பந்தாக மாறி, ஆற்றுக்குமேலே ஒன்றையொன்று மோதி எரிந்துகொண்டே இருப்பார்கள். கேலி செய்கிறவர்கள் செய்யலாம். அந்தத் தீயைப் பார்த்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள்.

அதனால்தான் பெற்றவர்கள் தங்கள் பிள்ளைக்குத் தாங்களே தண்ணீர் ஊற்றுவதில்லை. ஊற்றினால் அந்த நிமிஷமே புருஷனும் பெண்டாட்டியும் கொம்பாத்ரேயும் கொமாத்ரேயும் ஆகிவிடுவார்கள்.

ஏழு வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்டில், நீர் வடிகிற காலத்தில், அல்சீராவுக்குப் படகிலேயே வலி வந்துவிட்டது. மருத்துவச்சி இருந்த ஊர் பின்னால் போய்விட்டது. முன்னால் இருந்தது மூத்தும் துறை, மூன்று நாள் தூரம். அங்கே இருந்த எர்மீனியாதான் இந்தப் பிள்ளைக்கு ஞானத்தாய் என்று வயிற்றில் தங்கியபோதே பேசி வைத்திருந்தார்கள். ஆண் பிள்ளை. பிறந்தபோதே உதடு நீலமாக இருந்தது, பால் இழுக்கவில்லை. படகில் அவர்கள் இருவரையும் விட்டால் ஐந்து வயது லெனீசி மட்டும்தான்.

இரண்டாம் நாள் ஒஸ்மாரினோ ஒரு சுரைக்குடுவையில் தண்ணீரோடு வந்து நின்றான்.

"அல்சீரா, புள்ள தாங்காது. நான் ஊத்திடறேன்."

"கிட்ட வராத! நீ ஊத்துனா நாம ரெண்டு பேரும் யாரு? அத யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"இன்னும் ரெண்டு நாள்ல எர்மீனியா வீட்டுக்குப் போயிடலாம். எம் புள்ள தாங்கும். நீ ஊத்துனேன்னு வெச்சுக்க, அடுத்த துறையில எறங்கிப் போயிடுவேன். சத்தியமாச் சொல்றேன். கொமாத்ரேயா இந்தப் படகுல ஒருநாளும் இருக்க மாட்டேன்."

அவன் குடுவையை வைத்துவிட்டு எஞ்சினுக்குப் போனான். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. பிள்ளையும் வேண்டும், புருஷனும் வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதில் என்ன தப்பு? அன்று இரவு காய்ச்சல் அவளை அடித்துப் போட்டது. விடிந்தபோது ஒஸ்மாரினோ எழுப்பினான். பிள்ளை சில்லிட்டுப் போயிருந்தது. அவன் இலவமரத்தடியில் குழி தோண்டியதைப் படகில் படுத்தபடியே பார்த்தாள். பெயர் வைக்காத பிள்ளை, அதனால் சிலுவையில் எழுத ஒன்றும் இல்லை.

ஞானஸ்நானம் ஆகாமல் புதைத்த பிள்ளை மண்ணுக்குள் அழும். ஏழு வருஷம்வரை அழும். அதற்குள் அழுகையைக் கேட்ட யாராவது தண்ணீர் ஊற்றிப் பெயர் சொன்னால் அமைதியாகிவிடும். ஏழு வருஷம் தாண்டினால் அது பிள்ளையாக இருக்காது, ஆற்றடியில் கண்ணில்லாத பாம்பாகப் போய்விடும். இது எங்கள் ஆற்றில் எல்லாருக்கும் தெரியும்.

அழுகை அடுத்த பயணத்திலேயே ஆரம்பித்தது. இரவில் இல்லை. நடுப்பகல், வெயில் தண்ணீரில் வெள்ளையாக நிற்கிற நேரம், பறவைகூட வாயை மூடிக்கொள்ளும் நேரம். படகு அந்த வளைவுக்கு வந்தது, எஞ்சின் சத்தத்தையும் மீறி அது கேட்டது. பசித்த பிள்ளையின் அழுகை, மூச்சு முட்ட அழுது, நிறுத்தி, விக்கி, மறுபடி எடுக்கிற அழுகை. அவளுடைய மார்பில் பால் ஊறியது.

"கேக்குதா?" என்றாள்.

ஒஸ்மாரினோ தலையை ஆட்டினான், கேட்கவில்லை என்று. லெனீசிக்கும் கேட்கவில்லை.

ஏழு வருஷம், வருஷத்துக்கு நான்கு தடவை அந்த வளைவைக் கடக்க வேண்டும். மேலே போகும்போது ஒன்று, கீழே வரும்போது ஒன்று, இரண்டு பயணம். ஒருதரம்கூட அழுகை தவறவில்லை. வளைவுக்கு முந்தின நாளே அவளுக்குச் சோறு இறங்காது. தாண்டிய பிறகும் இரண்டு நாள் காதுக்குள் அது இருக்கும். மாவு அளந்துகொண்டிருக்கும்போது கை நின்றுவிடும். "என்ன கொமாத்ரே, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்று பெண்கள் சிரிப்பார்கள். ஆற்றோரம் முழுக்க அவளுக்கு நாற்பத்தொரு ஞானப்பிள்ளைகள் இருந்தார்கள். ஆபத்தான பிள்ளை எது, எங்கே என்று கேள்விப்பட்டால் போதும், கடையை மூடிவிட்டுக் குடுவையோடு ஓடுவாள். ஊரார் பிள்ளைக்கெல்லாம் ஊற்றினாள். தன் பிள்ளைக்கு மட்டும் ஊற்ற விடாதவள் என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வாள், வாய்விட்டே திட்டுவாள்.

ஒஸ்மாரினோ மாறிப்போனான். பிள்ளையைப் புதைத்த அன்றே தன் தூளியை அவிழ்த்து எஞ்சின் பக்கம் கட்டிக்கொண்டான். அவள் தூளிக்குப் பக்கத்தில் அவன் தூளி மாட்டியிருந்த இரும்புக் கொக்கி காலியாக நின்றது. அதில் அவள் ஒரு துணிகூடத் தொங்கவிடவில்லை. என்றைக்காவது திரும்பி வருவான் என்ற நினைப்புத்தான். அவன் வரவில்லை. விரல்கூட அவள்மேல் படவில்லை. அதைவிடக் கொடுமை, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டான். ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருப்பாள், அவனோ மகளிடம் சொல்வான்.

"லெனீசி, காபி இருக்கான்னு அம்மாகிட்ட கேளு."

"இதோ உக்காந்திருக்காளே! நீயே கேளுப்பா."

"நீ கேளு."

"அம்மா, காபி இருக்கான்னு காத்துகிட்ட கேக்கறாரு ஒருத்தரு. என்ன சொல்ல?"

அல்சீரா காபியை ஊற்றிப் பலகைமேல் வைப்பாள், அவன் எடுத்துக்கொள்வான். தன் பிடிவாதத்தால் பிள்ளை மோட்சம் போகாமல் போனதை அவன் மன்னிக்கவில்லை என்று அவள் நம்பினாள். அவன் செய்வது நியாயம்தான் என்றும் நினைத்தாள்.

போன வருஷம் எர்மீனியாவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்தாள். எர்மீனியா பெரிய உடம்புக்காரி, வாய்த்துடுக்கு அதைவிடப் பெரிது. இரண்டு நாள் படகில் வந்ததில் கோழி முட்டையெல்லாம் தீர்ந்துபோயிற்று. ஆனால் மேட்டில் ஏறி இலவமரத்தடியில் நின்றதும் அவள் வாய் அடங்கிவிட்டது. குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் காதைக் கொடுத்தாள். அழுகை அல்சீராவின் காலடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"கொமாத்ரே, எனக்குக் கேக்கலியே."

"சும்மா ஊத்துங்க. எனக்குத்தான் கேக்குதே!"

"கேக்காத அழுகைக்குத் தண்ணி ஊத்துனா அது பொய் ஞானஸ்நானம். உங்களுக்காக ஒரு கோழி திருடச் சொன்னாத் திருடிட்டு வருவேன். இத மட்டும் கேக்காதீங்க." சொல்லிவிட்டு எர்மீனியா தண்ணீரைத் தன் காலடியிலேயே கொட்டிவிட்டு, மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

அன்று ஒஸ்மாரினோ மேட்டுக்குக் கீழே தோணியைப் பிடித்தபடி நின்றிருந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எர்மீனியா ஊற்றவில்லை என்று தெரிந்ததும் அவன் முழங்காலிட்டுச் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். பாவம், துக்கம் தாங்கவில்லை என்று அல்சீரா நினைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் ஆகஸ்டில் அவர்கள் பகாபா துறையில் நின்றிருந்தார்கள். அங்கிருந்து வளைவுக்கு ஒருநாள் தூரம். ஒடேத்தி என்கிற பெண் இரண்டு கூடை மாவைப் பலகைமேல் இறக்கிவிட்டு, பூப்போட்ட துணியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ கொமாத்ரே, யார் முழங்கையால அளந்தீங்க? லெனீசி பொறந்தப்ப அவ கையால அளந்த மாதிரில்ல இருக்கு."

"உங்க மாவ முதல்ல பாக்கறேன். பாதி கல்லா இருந்தா துணியும் பாதிதான்."

"கல்லு எம் புருஷன் தலையில இருக்கு. மாவு சுத்தம்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒடேத்தி துணியைத் தோளில் போட்டுப் பார்த்தபடியே சொன்னாள்: "மேல போறீங்கள்ல? இலவமர வளைவுல கரைய ஒட்டிப் போகாதீங்க. கரை இடிஞ்சுக்கிட்டு வருது. மரம் சாஞ்சே போச்சு, நேத்து எம் மாமா பாத்துட்டு வந்தாரு. ரெண்டு மூணு நாள்ல ஆத்துக்குள்ள போயிடும்."

அல்சீராவின் கையிலிருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது. ஏழு வருஷம் முடிய இன்னும் நான்கு நாள்தான். மூத்தும் துறைக்குப் போய், அழுகை கேட்கக்கூடிய யாரையாவது தேடிக் கூட்டிவர நேரம் இல்லை. அப்படி ஒருவர் இருக்கிறார் என்றும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. அழுகையைக் கேட்கிற காது இந்த ஆற்றில் ஒன்றுதான், அது அவளுடையது.

அவள் துணியை வெட்டினாள். கோணலாகப் போயிற்று. ஒடேத்திக்கு ஒரு சாண் அதிகமாகவே கிடைத்தது, அதனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மாலை முழுக்க அல்சீரா யோசித்தாள். தானே ஊற்றினால் பிள்ளைக்குத் தானே ஞானத்தாய், புருஷனுக்குக் கொமாத்ரே. இனி எந்தக் காலத்திலும் அவன் தூளி அந்தக் கொக்கிக்கு வராது. ஆனால் ஏழு வருஷமாக வராத தூளிக்காகப் பாம்பாகப் போகிற பிள்ளையை விட்டுவிட முடியுமா? அன்று புருஷனுக்காகப் பிள்ளையை விட்டேன், இன்று பிள்ளைக்காகப் புருஷனை விடுகிறேன், கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தாள். நினைக்கச் சுலபமாகத்தான் இருந்தது. அந்தக் கொக்கியைப் பார்க்காமல் இருக்கத் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் உச்சிவேளைக்கு வளைவு வந்தது. இலவமரம் ஆற்றின்மேல் குனிந்து நின்றது, பாதி வேர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒஸ்மாரினோ படகை எதிர்க்கரைப் பக்கம் ஒதுக்கி வேகம் கூட்டினான். அழுகை ஆரம்பித்துவிட்டது. எப்போதையும்விடப் பக்கத்தில், எப்போதையும்விடக் களைத்துப்போய்.

"எஞ்சின நிறுத்து" என்றாள் அல்சீரா.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "லெனீசி, இங்க நிக்கக்கூடாது, கரை விழுதுன்னு அம்மாகிட்ட சொல்லு."

"நான் செவிடு இல்ல! எஞ்சின நிறுத்துன்னேன். இல்லன்னா இங்கேயே குதிப்பேன்."

எஞ்சின் நின்றது. அவள் பின்னால் கட்டியிருந்த தோணியை அவிழ்த்தாள். இடுப்பில் சுரைக்குடுவையைச் செருகிக்கொண்டாள்.

"அம்மா, எங்க போற?" பன்னிரண்டு வயது லெனீசி படகின் விளிம்புக்கு ஓடிவந்தாள்.

"உன் தம்பிக்குப் பேரு வெக்கப் போறேன். படகப் பாத்துக்க."

தோணி நகர்ந்ததும் ஒஸ்மாரினோ தண்ணீரில் குதித்தான். அன்று மாமனாருக்குப் பயந்து குதித்தானே, அதேமாதிரி முழு உடுப்போடு. நீந்தி அவள் பின்னாலேயே வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குடுவையில் ஆற்று நீரை மொண்டுகொண்டு, வேர்களைப் பிடித்து மேட்டில் ஏறினாள். காலடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. குழி இருந்த இடத்துக்கும் கரையின் விளிம்புக்கும் நடுவே ஓர் அடிதான் மிச்சம். கீழே தண்ணீர் மண்ணைத் தின்றுகொண்டிருந்தது.

மண்டியிட்டாள். அழுகை அவளுடைய முழங்காலுக்கு நேர் கீழே இருந்தது. வெயிலில் ஓர் இலை அசையவில்லை. பயமாக இருந்தது அவளுக்கு, தன் பிள்ளையிடமே பயம். சொல்ல ஆரம்பித்தாள். "பிதாவுடையவும் சுதனுடையவும்…"

குடுவையைச் சாய்த்த கையை ஓர் ஈரக் கை பிடித்தது. ஏழு வருஷத்துக்குப் பிறகு அவன் அவளைத் தொட்டது அப்போதுதான்.

"ஊத்தாத, அல்சீரா."

"விடு! உனக்கென்ன போச்சு? நீதான் என்னைய என்னிக்கோ விட்டுட்டியே. இவனையாவது நான் காப்பாத்திக்கறேன்."

"ஊத்தாத. ரெண்டாந்தடவை ஊத்தக்கூடாது. அது பெரிய பாவம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவனுடைய தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டி மண்ணில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னே?"

"நான் ஊத்திட்டேன். அன்னிக்கே. விடியறதுக்கு முன்னாடி. நீ காய்ச்சல்ல கெடந்தே. மூச்சு விட்டு விட்டு வந்துச்சு அவனுக்கு. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. ஊத்திட்டேன்."

"உசுரோட இருந்தானா அப்ப?"

"இருந்தான். தண்ணி நெத்தியில பட்டதும் கண்ணத் தொறந்தான். உன்னைத்தான் தேடினான்னு நெனக்கிறேன். கொஞ்ச நேரம் அங்க இங்க பாத்தான். அப்புறம்தான் போனான்."

"என்னை ஏன் எழுப்பல?"

"எழுப்பினா நீ விட்டிருக்க மாட்டே."

அது உண்மை. அது உண்மை என்பதுதான் அவளை வெறிபிடிக்க வைத்தது. குடுவையை அவன் மார்பில் எறிந்தாள். இரண்டு கையாலும் அவனை அடித்தாள், தலையில், தோளில், கை பட்ட இடத்தில் எல்லாம். அவன் தடுக்கவில்லை.

"ஏழு வருஷம்டா! ஏழு வருஷம் எம் புள்ள பாம்பாப் போயிடுவான்னு செத்துச் செத்துப் பொழச்சேன். எர்மீனியாவ இழுத்துட்டு வந்தேன். ஊரு என்னையப் பைத்தியம்னு பேசிச்சு. நீ கல்லு மாதிரி எஞ்சின்கிட்ட உக்காந்திருந்தே. ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா உனக்கு?"

"எறங்கிப் போயிடுவேன்னு சொன்னியே. சத்தியம் பண்ணியே." அவன் அழுதான், வாயைத் திறந்து, சின்னப் பிள்ளைபோல. "கொமாத்ரேயா ஒருநாளும் இருக்க மாட்டேன்னு சொன்னே. சொல்லிட்டா போயிடுவே. சொல்லாட்டி படகுல இருப்பே. உன்னைத் தொடாம, கூப்பிடாம, தெனமும் பாத்துக்கிட்டாவது இருக்கலாம்னு… கோழைதான் நான். ஏழு வருஷம் முடிஞ்சா அழுகை நின்னுடும், நீ மறந்துடுவேன்னு நெனச்சேன்."

கோழை என்று அவனே சொல்லிவிட்டான், நான் வேறு சொல்ல வேண்டாம். ஆனால் அல்சீராவின் கை நின்றுவிட்டது. அவன் ஏன் மகள் வழியாகக் காபி கேட்டான், ஏன் தூளியை அவிழ்த்தான், எர்மீனியா ஊற்றாதபோது ஏன் சேற்றில் விழுந்தான் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குப் புரிந்தது. வெறுப்பு என்று அவள் நினைத்த ஒவ்வொன்றும் வெறுப்பு இல்லை. நீ என்று கூப்பிட்டால் பாவம், நீங்க என்று கூப்பிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அழுகை நிற்கவில்லை. காலடியில் அது விக்கி விக்கி வந்துகொண்டே இருந்தது.

"அப்ப ஏன் அழுவறான்? தண்ணி ஊத்தின புள்ள ஏன் அழுவணும்?"

ஒஸ்மாரினோ தெரியாது என்று தலையாட்டினான்.

"என்ன பேரு வெச்சே?"

அவன் கீழே பார்த்தான். "டெல்மீரோ. உங்கப்பா பேரு. நீ ஆசப்பட்டேன்னு தெரியும். அப்புறம் அந்தப் பேர நான் வாய்ல எடுக்கல. யாருகிட்டயும் சொல்லல."

பெயர் இருந்தும் கூப்பிட ஆளில்லாத பிள்ளை அழாமல் என்ன செய்யும்? அல்சீரா மண்ணோடு முகத்தை வைத்தாள். சூடாக இருந்தது மண்.

"டெல்மீரோ" என்றாள் மெதுவாக.

அழுகை தயங்கியது.

"டெல்மீரோ! அம்மாடா. அம்மா இங்கதான் இருக்கேன்." சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற குரலில், ஆற்றின் அடுத்த கரையில் மோதித் திரும்புகிற மாதிரி மூன்றாவது தடவை கூப்பிட்டாள். "டெல்மீரோ!"

ஒரு விக்கல் வந்தது. அழுது ஓய்ந்த பிள்ளை கடைசியாக ஒன்று விக்குமே, அந்த விக்கல். அதன்பிறகு ஒன்றும் இல்லை. தண்ணீர் மண்ணை அரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வளைவு வெறும் வளைவாக இருந்தது. அவளுக்கு நிம்மதி வரவில்லை, வெறுமைதான் வந்தது. அந்த அழுகையாவது அவளுக்கென்று இருந்தது.

விளிம்பில் ஒரு பாளம் விரிசல் விட்டது. ஒஸ்மாரினோ அவள் கையைப் பிடிக்க வந்து, பாதியில் நிறுத்தி, தன் கையை இழுத்துக்கொண்டான். அவள் தானாகவே எழுந்து வேரைப் பிடித்து இறங்கினாள். தோணியில் அவன் துடுப்புப் போட்டான். படகை அடைந்து திரும்பிப் பார்த்தபோது இலவமரம் மெல்ல, அவசரமே இல்லாமல், ஆற்றில் சாய்ந்துகொண்டிருந்தது. மேடும் அதோடு போயிற்று. அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது, கூரையில் கோழிகள் கத்தின.

எஞ்சின் மறுபடி இருமத் தொடங்கியது. அல்சீரா உடை மாற்றிக்கொண்டாள். தன் தூளிக்குப் பக்கத்தில் இருந்த கொக்கியை வெகுநேரம் பார்த்தாள். அடுத்த துறையில் இறங்கிப் போய்விடலாம், ஒருகாலத்தில் செய்த சத்தியம் அப்படி. எர்மீனியா வீட்டில் இடம் கொடுப்பாள். லெனீசி அவளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தபடி, கூரையிலிருந்து பறித்துவந்த வெங்காயத்தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

பிறகு அல்சீரா வெங்காயச் சரத்தை எடுத்து அந்தக் கொக்கியில் மாட்டினாள். அடுப்பை மூட்டி, காபி போட்டு, பலகைமேல் வைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் போனாள். ஒஸ்மாரினோ முகத்தை நிமிர்த்தவில்லை. இறங்கப் போகிறேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பான்.

"கொம்பாத்ரே," என்றாள். டம்ளரை நீட்டியபடி திரும்பவும் சொன்னாள். "கொம்பாத்ரே, காபி ஆறிடும். எடுத்துக்குங்க."

அவன் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"அம்மா!" லெனீசி பின்னாலிருந்து கத்தினாள். "அப்பாவப் போயி எதுக்கு நீங்க, வாங்கங்கற?"

அல்சீரா திரும்பாமலே சொன்னாள். "உன் தம்பி டெல்மீரோவுக்கு அவரு ஞானத்தகப்பன்டி. மரியாதை கொடுக்க வேணாமா?"